பாம்பன் பழைய ரயில் பாலம்: நடக்க விடலாமா, கழற்றிவிடலாமா?

மண்டபம் மைந்தன்:
2025 ஏப்ரல் 6 அன்று மண்டபம் கரைக்கும் பாம்பன் தீவுக்கும் நடுவே புது ரயில் பாலத்தைத் திறந்துவிட்டார்கள். பக்கத்தில் நிற்கிற 1914ஆம் வருடத்துப் பாலத்தைக் கழற்றிவிடுவது என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் பலகை போட்டு, இரண்டு பக்கமும் கம்பித் தடுப்பு வைத்தால் இரண்டு கிலோமீட்டர் கடல்மேல் நடக்கலாம். இப்போது வெளியூர்க்காரர்கள் ரோடு பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுக்கிறார்கள். பின்னால் பஸ்காரர் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோகிறார். அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றின்மேல் 1889இல் கட்டிய ரயில் பாலத்தை 2009இல் நடைபாதை ஆக்கினார்கள். ஏறக்குறைய இதே நீளம்தான்.

தங்கச்சிமடத்துக்காரி:
தம்பி, அந்தப் பாலம் தண்ணீரிலிருந்து 200 அடிக்கு மேலே நிற்கிறது. அடியில் ஓடுவது ஆற்றுத் தண்ணீர். நம்முடையது நூறு வருடத்துக்கு மேல் உப்புக் காற்றில் ஊறிய இரும்பு. 2022 டிசம்பரில் ரயிலை ஏன் நிறுத்தினார்கள்? கப்பலுக்கு வழிவிடத் திறக்கிற தூக்குப் பகுதி தாங்கவில்லை, அதனால்தானே. ரயில் ஓடிய காலத்திலேயே பெயிண்ட் அடித்து மாளவில்லை. இனி அந்தச் செலவை யார் தலையில் கட்டுவீர்கள்? பஞ்சாயத்து தலையிலா?

கீழக்கரை பாய்:
சுழல் பாலம்தானே அது? கப்பல் வரும்போது திருப்பி வைத்துவிட்டால் போச்சு.

பழைய கேங்மேன்:
சுழலாது பாய். ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளர் பெயரில் உள்ள முறை. நடுவில் இரண்டு இறக்கை. ஒவ்வொன்றும் பின்னுக்கு உருண்டு வானத்தைப் பார்த்து எழும்பும். எதிர் எடை இருப்பதால் ஆள்பலமே போதும். கையால்தான் சுற்றித் திறப்போம். நானும் சுற்றியிருக்கிறேன், இரண்டு நாள் தோளைத் தூக்க முடியாது.

மைந்தன் தம்பி ஒன்றை மறந்துவிட்டார். புதுப் பாலத்தின் நடுத் துண்டு, 72.5 மீட்டர், லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் ஏறுகிறது. அது ஏறி என்ன பிரயோஜனம், பக்கத்திலேயே பழைய இறக்கை கீழே கிடந்தால்? கப்பலுக்கு இரண்டையும் திறந்தாக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், கிரீஸ் வேண்டும், நடக்கிறவர்களை இரண்டு பக்கமும் நிறுத்தி வைக்க வேண்டும். எனக்கும் அந்த இரும்பின்மேல் பாசம் இல்லாமல் இல்லை. 1964 புயலில் தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களான கர்டர்களைக் கடல் கொண்டுபோனது, தூக்குப் பகுதி மட்டும் நின்றது. கடலில் கிடந்த கர்டர்களை மீனவர்கள் தேடிக் கொடுக்க, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் பாலத்தை மறுபடி ஓட வைத்தார்.

கீழக்கரை பாய்:
ரயிலே கவிழ்ந்த பாலத்தில் பிள்ளைகளை நடக்கவிடப் பயமாக இருக்கிறது.

பழைய கேங்மேன்:
அந்த ரயில் பாலத்தின்மேல் கவிழவில்லை பாய். தனுஷ்கோடியை நெருங்கும்போதுதான் அலை அடித்தது. பழியைப் பாலத்தின்மேல் போடாதீர்கள்.

மண்டபம் மைந்தன்:
சரி, கேங்மேன் அண்ணன் சொல்வது புரிகிறது. நடு இறக்கைகளைக் கழற்றிக் கரையில் நிறுத்திவிடலாம், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கரையிலிருந்து ஓர் அரை கிலோமீட்டர் மட்டும் விட்டுவையுங்கள். போய் நின்று காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வருவோம்.

தங்கச்சிமடத்துக்காரி:
அரை கிலோமீட்டர் என்றால் பேசலாம். ஆனால் முதலில் ஆளை இறக்கி அடியில் தூண்களைப் பார்க்கட்டும். 2013இல் ஒரு மிதவைக் கலம் வந்து மோதியது ஞாபகம் இருக்கிறதா? அப்புறம், புயல் கூண்டு ஏற்றுகிற அன்று கேட்டைப் பூட்டுவது யார்? அதையும் இப்போதே எழுதி வையுங்கள்.

மண்டபம் மைந்தன்:
பூட்டுகிறோம் அக்கா. எங்கள் மண்டபம் கரைக்குச் சாவியை நானே வைத்துக்கொள்கிறேன்.

தங்கச்சிமடத்துக்காரி:
மண்டபம் கரையா? பாம்பன் பாலம் என்றுதானே பெயர்?