‘டிட்’ (did) வந்த பிறகும் ஆங்கில வினையில் ஒட்டிக்கொள்ளும் ‘ஈடி’ (-ed): உங்கள் அனுபவம்?

திருப்பூர், ஏற்றுமதி ஆபீஸ்:
பையருக்கு, அதாவது சரக்கு வாங்குறவருக்கு, போற மெயிலை எல்லாம் நான் ஒருவாட்டி பார்த்துட்டுத்தான் விடுவேன். புதுசா சேர்ந்த தம்பி ‘வீ ஷிப் த கூட்ஸ் ஆன் மண்டே’ன்னு எழுதியிருந்தார். சரக்கு தூத்துக்குடியில கப்பல் ஏறியாச்சு. படிக்கிற பையரோ இனிமேதான் ஏத்தப் போறாங்கன்னு நினைப்பார். ஷிப்புக்குப் பின்னாடி இறந்த காலத்தைக் காட்டுற ‘ஈடி’ விட்டுப்போச்சு (அமலாக்கத் துறை இல்லீங்க). ஸ்பெல் செக்கும் கோடு போடாது. ஷிப் சரியான சொல்தானே.

திருத்தினார், ஒரே ‘பி’ போட்டு. ‘ரெண்டு பி’ன்னேன். உடனே மடக்கினார்: “அப்போ விசிட்டுக்கு ஏண்ணா கடைசி எழுத்து இரட்டிக்கல?” நல்ல கேள்வி. ஷிப், ஸ்டாப், பிளான் எல்லாம் ஒரே அசையில முடியுற சொல். கடைசியில ஒரு உயிர், ஒரு மெய். அதனால இரட்டிக்கும். நீளமான சொல்லுன்னா அழுத்தம் எங்கே விழுதுன்னு பார்க்கணும். அட்மிட்ல பின்னாடி விழுது, இரட்டிக்கும். விசிட், ஓபன் ரெண்டுலயும் முன்னாடி, இரட்டிக்காது. வம்பு பண்றது லேபிள், கேன்சல் மாதிரி ‘எல்’லில் முடியுறதுங்கதான். லண்டன் பையருக்கு ரெண்டு எல், அமெரிக்க பையருக்கு ஒண்ணு. எங்க தொழில்ல லேபிள் இல்லாத மெயிலே கிடையாது. கேன்சல் வராம இருந்தா சரி.

மதுரை, ஆசிரியை:
எங்கிட்ட வர்ற பிள்ளைகளுக்கு விட்டுப்போறது இல்ல, கூடிப்போறதுதான் சிக்கல். ‘ஐ டிட் நாட் ரிசீவ்ட்’, ‘டிட் யூ ஃபினிஷ்ட்?’. டிட்டே காலத்தைச் சுமக்குதுன்னு எத்தனை தடவை சொன்னாலும் ஏறல. ஒருநாள், “நேத்து வரலைன்னு சொல்ற நீ, ‘வந்தேன் இல்லை’ன்னு சொல்வியா?”ன்னு கேட்டேன். வகுப்பே சிரிச்சுது. ‘வரவில்லை’யில இருக்கிற ‘வர’வுக்குக் காலம் கிடையாது, டிட்டுக்குப் பின்னாடி வர்ற வினையும் அப்படித்தான். இப்போ டிட்டைப் பார்த்தாலே பின்னால இருக்கிற ஈடியை அவங்களே அடிச்சுடறாங்க. ஒருத்தன் மட்டும் ‘டிட் நாட் நீட்’ல (need) அந்தச் சொல்லோட சொந்த எழுத்தான ஈடியையும் சேர்த்து அடிச்சுட்டான்.

சேலம், இன்சூரன்ஸ்:
எங்க பக்கம் ‘யூஸ்ட் டு’, ‘சப்போஸ்ட் டு’. அடுத்து வர்ற ‘டு’ முன்னாடி இருக்கிறதை முழுங்கிடுது, காதுல விழுறபடி எழுதினா ‘டி’ காணாமப் போகுது. அனுப்பறதுக்கு முன்னாடி ஆஸ்கெட், வாக்கெட்னு ஈடியை வேணும்னே இழுத்து வாய்விட்டுப் படிப்பேன். பக்கத்து சீட்காரர் பாவம். பேசறப்ப ஆஸ்க்ட்தான், ‘இட்’னு ஒலிக்கிறது வான்டட், நீடட் மாதிரி சொல்லுக்கு மட்டும். டீச்சர், ‘டிட் நாட் யூஸ் டு’வில ஈடி உண்டா?

மதுரை, ஆசிரியை:
கிடையாது சார், டிட் இருக்கே.