பூட்டிய அக்கவுன்ட்டில் ஆள் உள்ளே வந்தார்: சர்வர் பெர்மிஷன் அனுபவங்களைப் பகிருங்கள்

உப்பனாறு

கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு சர்வர் பார்த்துக் கொடுக்கிறேன். டிஸ்பாட்ச் பேப்பர்களை டிரான்ஸ்போர்ட் ஏஜென்ட் ஆட்கள் எஸ்எஃப்டிபியில் (நெட் வழியாகக் கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் முறை) ஏற்றுவார்கள். அது எப்படி என்று இங்கே எல்லோருக்கும் தெரியும், நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஏஜென்ட்டிடம் இருந்த ஒருவர் சம்பளத் தகராறில் நின்றுவிட்டார். கம்பெனியின் ஐடி ஆள் அன்றைக்கே யூசர்மோட் கட்டளையில் அவர் அக்கவுன்ட்டைப் பூட்டிவிட்டு, மேனேஜருக்கு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பிவிட்டார். எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் டிஸ்க் இடம் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். போன இடத்தில் வழக்கம்போல, யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று பதியும் ஆத் லாகைத் திறந்தேன். "அக்செப்டட் பப்ளிக்கீ" (சாவியை ஏற்று உள்ளே விட்டது) என்று ஒரு வரி, அதே வரியில் அந்தப் பூட்டிய அக்கவுன்ட்டின் பெயர், நேரம் விடியற்காலை. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. பூட்டியது பாஸ்வேர்டை மட்டும்தான். அவர் ஆரம்பத்திலிருந்தே சாவி (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் கோப்பு) வைத்துத்தான் உள்ளே வந்துகொண்டிருந்தார், அந்தச் சாவி, அனுமதித்த சாவிகளின் பட்டியலான ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் அப்படியே கிடந்தது. உபுண்டு லினக்ஸில் பாஸ்வேர்டைப் பூட்டினால் சாவி நிற்காது. அக்கவுன்ட்டுக்கே காலாவதித் தேதி போட வேண்டும், அல்லது சாவியை எடுக்க வேண்டும். மேனேஜரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பூட்டிட்டோம்னு சொன்னீங்களே சார்?" அந்தக் கேள்வி இன்னும் மனதை அரிக்கிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தட்டாஞ்சாவடி

எங்களுடையது விண்டோஸ். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிரின்டிங் பிரஸ். விலைப்பட்டியல் ஃபோல்டரைப் பையன்கள் பார்க்கக் கூடாது என்று முதலாளி சொன்னார், வெளியிலிருந்து வந்த சர்வீஸ் ஆள் "எவ்ரிஒன்" என்ற குழுவுக்கு டினை (அனுமதி மறுப்பு) போட்டுவிட்டுப் போய்விட்டார். எவ்ரிஒன் என்றால் முதலாளியும் அதில்தானே சேர்த்தி? அலவ் (அனுமதி), டினை இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் டினைதான் ஜெயிக்கும். மூன்று மணிக்கு டெண்டர் கடைசி நேரம். அவர் பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு, தான் வாங்கிய சர்வரில், தன் பெயரில் உள்ள ஃபோல்டரில் "ஆக்சஸ் டினைடு" என்று வருவதைத் திரும்பத் திரும்பக் கிளிக் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். அட்மின் லாகினில் நுழைந்து டினையை எடுத்தேன், கிடைத்துவிட்டது, டெண்டரும் போனது. ஆனால் அந்த முகம் மறக்கவில்லை. யாருக்கும் டினை போடாதீர்கள், அலவ் லிஸ்டில் பெயர் இல்லாமல் விட்டாலே போதும்.

தேங்காய்த்திட்டு

உப்பனாறு அண்ணே, உங்களுடையது உள்ளே வந்த கதை, எங்களுடையது யாருமே ஏற்ற முடியாமல் போன கதை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்தது, புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை, அதைச் சொல்லத் தேவையில்லை. மீன் ஏற்றுமதி ஆபீஸ், தரைத்தளம், தண்ணீர் வாசல்வரை வந்துவிட்டது. லினக்ஸ் சர்வரில் இருந்த எல்லாவற்றையும் அவசரமாக ஒரு எக்ஸ்டர்னல் டிரைவில் காப்பி செய்து மாடிக்குக் கொண்டுபோனார்கள். டிரைவ் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட். அதில் யார் சொந்தக்காரர், எந்த குரூப் என்ற எதுவும் தங்காது. தண்ணீர் வடிந்ததும் புது மெஷினில் ரூட்டாக (சர்வரில் முழு அதிகாரம் உள்ள அக்கவுன்ட்) இருந்து திருப்பிப் போட்டார்கள். எல்லாக் கோப்பும் ரூட் பெயரில் வந்து உட்கார்ந்துவிட்டது. பார்க்க முடிகிறது, ஏற்ற முடியவில்லை. கன்டெய்னர் கிளம்பும் நேரம், இன்வாய்ஸ் போகவில்லை. வந்த டெக்னீஷியன் மொத்தத்துக்கும், எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுக்கும் சிஎச்மோட் 777 அடித்தார். வேலை நடந்தது.

அடுத்த வாரம் டேட்டா என்ட்ரி செய்யும் ஒரு பெண், கோப்பு ஏற்றும் ஃபைல்ஜில்லா மென்பொருளில் இடது பக்கம் இருக்கும் தன் ஃபோல்டரை அழிப்பதாக நினைத்து வலது பக்கத்தில் டெலீட் அழுத்திவிட்டார். வலது பக்கம் சர்வர். நான் அப்போது பக்கத்து மேஜையில் இருந்தேன். வரிசை வரிசையாகக் கோப்புப் பெயர்கள் மேலே ஓடுகின்றன, அந்தப் பெண் மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டு "நிறுத்துங்க சார், நிறுத்துங்க சார்" என்கிறார். 777 இல்லையென்றால் அந்தப் பெண்ணால் இன்னொருவர் ஃபோல்டரைத் தொட்டிருக்கவே முடியாது. திட்டு வாங்கியது அவர். அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பாகூர்

தேங்காய்த்திட்டு, அந்த டெக்னீஷியனை ஏன் குறை சொல்கிறீர்கள்? கன்டெய்னர் கிளம்புகிறது, முதலாளி தலைமேல் நிற்கிறார், அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் 777தான் அடிப்பார்கள். மறுநாள் அதைத் திருப்பிப் போடச் சொல்ல வேண்டியது ஆபீஸ்.

எனக்கு நடந்தது சின்னது. யூசர் தன் ஃபோல்டரைத் தாண்டி வெளியே போகாமல் அடைக்கும் சிஎச்ரூட்டை எஸ்எஃப்டிபிக்குப் போட்டேன், கிளையன்ட் இணைந்த உடனே அறுந்துவிட்டது, லாகில் ஓனர்ஷிப் சரியில்லை என்ற வரி. அவ்வளவுதான். ஆனால் இதிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன். சிஎச்ரூட் ஃபோல்டரும் அதற்கு மேலே உள்ள எல்லா ஃபோல்டரும் ரூட் பெயரில் இருக்க வேண்டும், குரூப்புக்கோ மற்றவர்களுக்கோ எழுதும் உரிமை இருக்கக் கூடாது, இருந்தால் ஓப்பன்எஸ்எஸ்எச் (எஸ்எஃப்டிபியை நடத்தும் புரோகிராம்) உள்ளே விடாது. உள்ளே "அப்லோட்" என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதை மட்டும் யூசருக்குக் கொடுங்கள். பலர் ஒரே ஃபோல்டரில் ஏற்றினால் ஆளுக்கு ஆள் உரிமை கொடுத்துக்கொண்டு திரியாமல் ஒரு குரூப் போட்டு, ஃபோல்டருக்கு 2775 என்ற உரிமை எண் கொடுங்கள், அந்த 2 இருந்தால் புதுக் கோப்புகள் குரூப்பின் பெயரிலேயே வரும். அதோடு இன்டர்னல் எஸ்எஃப்டிபிக்கு (ஓப்பன்எஸ்எஸ்எச்சுக்குள்ளேயே இருக்கும் எஸ்எஃப்டிபி) யூமாஸ்க் (புதுக் கோப்பில் எந்த உரிமையைக் கழிப்பது என்ற எண்) 0002 கொடுக்காவிட்டால் ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் திருத்த முடியாது. அப்புறம் முக்கியமானது: ஒரு கோப்பை அழிக்க முடியுமா என்பதை அந்தக் கோப்பின் உரிமை தீர்மானிப்பதில்லை, அது இருக்கும் ஃபோல்டரில் எழுதும் உரிமை இருக்கிறதா என்பதுதான் தீர்மானிக்கிறது. கோப்பை 444 (படிக்க மட்டும்) ஆக்கிவிட்டு பத்திரம் என்று நினைக்காதீர்கள். ஃபோல்டருக்கு ஸ்டிக்கி பிட் என்ற குறியைப் போட்டால், ஏற்றியவரும் ஃபோல்டரின் சொந்தக்காரரும் ரூட்டும் தவிர வேறு யாரும் அழிக்க முடியாது. இன்னும் சாதாரண எஃப்டிபி, போர்ட் 21, வைத்திருப்பவர்கள் தயவுசெய்து மாறுங்கள், பாஸ்வேர்டு அதில் அப்படியே எழுத்தாகப் போகிறது.

முதலியார்பேட்டை

ஃபோல்டர் உரிமை பற்றிப் பாகூர் சார் சொன்னதில் ஒன்றை எங்கள் அக்கவுன்ட்ஸ் அக்கா விஷயத்தில் நேரில் பார்த்தேன். சம்பளக் கோப்பு ஏற்றும் ஃபோல்டர். மற்றவர்கள் சம்பளத்தை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று, போடலாம், பார்க்க முடியாது என்று உரிமை வைத்திருந்தார்கள். எழுதும் உரிமையும் உள்ளே போகும் உரிமையும் உண்டு, படிக்கும் உரிமை இல்லை. அக்கா கோப்பை ஏற்றுகிறார், திரும்பிப் பார்த்தால் லிஸ்டே வரவில்லை, காலியாகக் கிடக்கிறது. போகவில்லை போலிருக்கிறது என்று பெயரை மாற்றி மறுபடி ஏற்றுகிறார். அந்தப் பக்கம் எடுக்கும் புரோகிராம் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாக எடுத்துக்கொண்டே இருந்தது. பணம் போவதற்கு முன்னால் ஆடிட்டர் பார்த்து நிறுத்தியதால் பிழைத்தோம். உரிமை வைத்ததில் தப்பே இல்லை, "ஏற்றிய பிறகு உங்களுக்கு எதுவும் தெரியாது, அதுதான் சரி" என்று அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை.

தேங்காய்த்திட்டு

பாகூர் அண்ணே, அவசரத்துக்கு 777 அடித்தது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடித்துவிட்டு ஆபீஸில் ஒருவரிடமும் சொல்லாமல் போனது சரியா? சொல்லியிருந்தால்தானே மறுநாள் திருப்பிப் போடச் சொல்ல முடியும். அடுத்து, நீங்கள் எழுதியது எல்லாம் சரிதான், ஆனால் அந்தப் பெண்ணுக்கு அதில் எது உதவும்?

உப்பனாறு

சண்டை வேண்டாம், இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் பயன்படுகிறது. இன்று மறுபடி அந்த சர்வருக்குப் போய் அக்கவுன்ட்டுக்குக் காலாவதித் தேதி போட்டுவிட்டு, சந்தேகம் தீராமல் எல்லா யூசர்களின் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். நின்றுபோனவரின் அதே சாவி, டிஸ்பாட்ச் செக்‌ஷன் எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் அக்கவுன்ட்டிலும் இருந்தது. யாரோ லீவில் இருந்தபோது அவசரத்துக்குச் சேர்த்திருக்கிறார்கள். அதையும் நீக்கிவிட்டேன். பொது அக்கவுன்ட்டையே எடுத்துவிட்டு ஆளுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், திங்கட்கிழமை பேசலாம் என்றிருக்கிறார்.