பாக்டீரியா பெருகுகிறது, வரைபடம் மட்டும் ஏறி இறங்குகிறது. எங்கே தப்பு?

கேள்வி:
கல்லூரி செயல்திட்டத்துக்காக, பால் தயிராவதைத் தொடாமல் கண்காணிக்கிறேன். கண்ணாடிக் குப்பியில் காய்ச்சி ஆறிய பால், அரை ஸ்பூன் பிரைமோர், 40 டிகிரி வெந்நீர்த் தொட்டி. வெளியிலிருந்து 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் அடித்து, திரும்பி வரும் ஸ்பெக்கிள் புள்ளிக்கோலத்தை (சிதறிய லேசர் ஒளி தன்னோடு தானே கலந்து உண்டாக்கும் வெளிச்சமும் இருட்டுமான புள்ளிகள்) லென்ஸ் கழற்றிய பழைய வெப்கேமில் பதிகிறேன். அடுத்தடுத்த பிரேம்களின் வித்தியாசம்தான் என் 'அசைவு' அளவு.

முதல் இரண்டு மணி நேரம் அளவு தரையோடு கிடக்கிறது. அப்புறம் மளமளவென ஏறுகிறது, பிறகு விழுந்தே விடுகிறது. பாக்டீரியா பெருகிச் செத்துவிட்டதா?

பதில் 1:
சாகவில்லை. உங்கள் லேசர் பாக்டீரியாவைப் பார்க்கவே இல்லை தம்பி. ஒளியைச் சிதறடிப்பவை கொழுப்புத் துளிகளும் கேசின் என்ற பால் புரதத்தின் துகள்களும்தான். தயிர் பாக்டீரியாவுக்கு நீந்தவும் தெரியாது. அது சுரக்கும் லாக்டிக் அமிலத்தால் பிஎச் 4.6ஐ நெருங்கும்போது கேசின் பின்னிக்கொண்டு வலையாகிறது, துளிகள் அதில் மாட்டிக்கொள்கின்றன. நீங்கள் அளப்பது அந்தச் சிறைப்பிடிப்பை.

ஆரம்பத்தில் கோடு தரையில் கிடப்பது கேமராவின் ஏமாற்று. புதுப்பாலில் புள்ளிகள் மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்தில் மாறிவிடும். ஒரு பிரேம் பதிவாவதற்குள் எல்லாம் கலந்து வெறும் சாம்பல் நிறம். சாம்பலிலிருந்து சாம்பலைக் கழித்தால் என்ன மிஞ்சும்? பால் இறுகத் தொடங்கி வேகம் குறைந்ததும் கேமரா அதைப் பிடிக்கிறது, அதுதான் உங்கள் மேடு.

பிரேம் வித்தியாசத்தை விடுங்கள். ஒவ்வொரு பிரேமிலும் வெளிச்ச அளவின் திட்ட விலக்கத்தை அதன் சராசரியால் வகுத்துப் பாருங்கள். அந்த மாறுபாட்டு அளவு குறைவென்றால் அசைவு வேகம், கூடினால் உறைகிறது.

பதில் 2:
வெளிச்சத்தைக் கேமரா தானாகவே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்தீர்களா? அது ஓடினால் எந்தக் கணக்கும் நிற்காது. லேசரையும், அதன் ஒளி நிலைப்பட, அரைமணி முன்னமே போட்டு வையுங்கள். இன்னொரு குப்பியில் அதே மோரைக் கொதிக்கவைத்து ஆற்றி ஊற்றுங்கள். அதுவும் உறைந்தால் காரணம் பாக்டீரியா அல்ல.

கேட்டவர்:
ஆட்டோ எக்ஸ்போஷர் ஓடிக்கொண்டுதான் இருந்தது, வெட்கமாக இருக்கிறது. அணைத்துவிட்டு மாறுபாட்டு அளவில் வரைந்தேன். இப்போது கோடு ஒரே திசையில் ஏறி மேலே நின்றுவிடுகிறது. கொதித்த மோர்க் குப்பி ராத்திரி முழுக்கப் பாலாகவே இருந்தது, கோடும் அசையவில்லை. ஆனால் தயிர் இறுகிய பிறகும் அவ்வப்போது மாறுபாடு திடீரென்று சரிகிறதே?

பதில் 1:
அதே மேசைப் பக்கம் ஃபிரிட்ஜ் இருக்கிறதா? அதன் மோட்டார் ஓடும்போது மேசை அதிர்ந்தாலும் புள்ளிகள் கலங்கிவிடும்.

கேட்டவர்:
ஐயோ, ஒட்டியே இருக்கிறது.