தலைமை அலுவலகத்தார் முன்னால் கதைக்கும்போது கை நடுங்குகிறது, என்ன செய்யலாம்?

கோண்டாவில்_பிள்ளை:
எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு கொம்பனியின் கிளையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து பணிப்பாளர்கள் வருவார்கள், வடமாகாண விற்பனைக் கணக்கை நான்தான் சொல்ல வேண்டும். எங்கள் ரீமுக்குள் என்றால் மணிக்கணக்காகக் கதைப்பேன், ஆனால் அந்த ஐந்து பேரும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து என்னைப் பார்த்தவுடன் வாய் உலர்ந்துபோகிறது.

போன முறை மூன்றாவது சிலைட்டில் ஒருவர் மறித்து, கிளிநொச்சியை விட்டுப் பார்த்தால் வளர்ச்சி எத்தனை வீதம் என்று கேட்டார். எண்கள் எல்லாம் என் எக்செல்லில் இருந்தன, நான் அதைத் திறக்காமல் மனதுக்குள் கணக்குப் பார்க்கத் தொடங்கி, பிழையாகச் சொல்லி, அதைத் திருத்தப் போய்த் திருத்தியதும் பிழை. கையில் லேசர் பொயின்டர் வேறு, அந்தச் சிவப்புப் புள்ளி சுவரில் துள்ளினதை நானே பார்த்தேன். அதற்குப் பிறகு என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. எல்லாம் ஆங்கிலத்தில் என்பதும் ஒரு பாரம். அடுத்தது வருகிற மாதம். படபடப்புக்கு ஒரு குளிசை இருக்கிறதாம் என்று தோழி சொன்னாள், அதை எடுக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_வங்கியாளர்:
பிள்ளை, முதல் வேலையாக அந்த லேசரைத் தூக்கி லாச்சிக்குள் வையும். விரல் நுனியில் ஒரு மில்லிமீற்றர் ஆட்டம் சுவரில் ஒரு சாண் ஆட்டமாகத் தெரியும், அதை நீரே பார்த்து இன்னும் வெருளுவீர். "கீழே இடது பக்கம் உள்ள வரி" என்று வாயால் சொன்னால் போதும். தாளையும் கையில் பிடிக்க வேண்டாம், மேசையில் வைத்து வாசியும்.

மனக்கணக்கில் பிழை விட்டதற்கு வெட்கப்படவே வேண்டாம். ஜெர்மனியில் ட்ரியர் பல்கலைக்கழகத்தார் 1993இல் ஒரு சோதனை முறையை வெளியிட்டார்கள். மனிதருக்குப் பதட்டத்தை வரவழைத்து அளப்பதற்காகவே செய்தது. அதில் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? முகத்தில் ஒன்றும் காட்டாத ஒரு குழுவுக்கு முன்னால் நின்று 5 நிமிடம் பேச வேண்டும், அடுத்த 5 நிமிடம் 1022இலிருந்து 13, 13 ஆகக் கழித்துக்கொண்டு போக வேண்டும், பிழைத்தால் திரும்ப முதலிலிருந்து. உமக்கு அந்த அறையில் நடந்தது கிட்டத்தட்ட அதேதான்! ஆகவே அங்கே நின்று கணக்குப் பார்க்காதையும். அவர்கள் கேட்கக்கூடிய எண்களை முதல்நாளே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளும். தாளில் இல்லாததைக் கேட்டால், "பின்னேரத்துக்குள் சரியான எண்ணை அனுப்புகிறேன்" என்று சொல்லி, சொன்னபடி அனுப்பும். நான் முப்பது வருடம் வங்கியில் இருந்தவன், அப்படிச் சொன்னவரை யாரும் குறைவாக நினைத்ததை நான் காணவில்லை.

மருந்தக_அக்கா:
குளிசை என்று உங்கள் தோழி சொன்னது புரோபிரனலோல் ஆக இருக்கலாம். அட்ரினலின் இதயத்திலும் தசைகளிலும் செய்கிற வேலையை அது மறிக்கும், அதனால் படபடப்பும் நடுக்கமும் குறையும். ஆனால் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர்களுக்கு அது ஆபத்து, இரத்த அழுத்தமோ நாடித்துடிப்போ ஏற்கெனவே குறைவாக உள்ளவர்களுக்கும் ஒத்துவராது. தோழியிடம் வாங்கிப் போடுகிற மருந்து இல்லை இது, வைத்தியரிடம் கேளுங்கள். அவர் தந்தாலும் கூட்டத்தன்றுதான் முதல்முதலாகப் போட்டுப் பார்ப்பது என்று வைக்காதீர்கள்.

மருந்து இல்லாமல் என்றால், வெறும் வயிற்றில் சாயம் கூடின பிளேன் ரீயைக் குடித்துவிட்டுப் போக வேண்டாம். உள்ளே போக முன் மூச்சை உள்ளுக்கு எடுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விட்டு இரண்டு மூன்று நிமிடம் இருங்கள், நெஞ்சு அடங்கும்.

கொழும்பில்_இருப்பவள்:
நானும் யாழ்ப்பாணம்தான். இப்போது அந்த மேசைக்கு மற்றப் பக்கம் இருக்கிற ஆள், அதனால் இதை எழுத வேண்டும் போலிருந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பேச்சுப் போட்டி என்றால் என்ன செய்தோம்? ரீச்சர் எழுதித் தருவார், அம்மாவுக்கு ஒப்புவித்து ஒப்புவித்து ஒரு சொல் பிசகாமல் பாடமாக்கிக்கொண்டு மேடையில் ஏறுவோம், நடுவில் யாரும் மறிக்க மாட்டார்கள், முடிந்ததும் கைதட்டு. நான் வேலைக்கு வந்து பல வருடம் அதே மாதிரித்தான் பிரசன்டேசன் செய்தேன். யாராவது மறித்தால் நூல் அறுந்தது போல எல்லாம் போய்விடும். நடுக்கத்தில் பாதி அதிலிருந்துதான் வந்தது என்று பிறகுதான் விளங்கியது. இந்தப் பக்கம் இருப்பவர்கள் மறிப்பது மட்டம் தட்டுவதற்கு என்று நினைக்காதீர்கள் (அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், நான் கண்டிருக்கிறேன்). பெரும்பாலும் அவர்களுக்கு உடனே ஒரு முடிவு எடுக்க வேண்டும், அதற்கு வேண்டியது உங்கள் பன்னிரண்டாவது சிலைட்டில் கிடக்கிறது. முடிவை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்: விற்பனை இவ்வளவு, காரணம் இது, எங்களுக்கு வேண்டியது இது. அந்த மூன்று வசனத்தை மட்டும் ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மிச்சத்தைப் பாடமாக்கவே வேண்டாம், சின்ன வசனங்களாகக் கதையுங்கள்.

நீங்கள் நடுங்கினது நீங்கள் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரிந்திருக்காது. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் இதை ஆராய்ந்தார்கள். பேசுகிறவர்கள் தங்கள் பதட்டம் வெளியே தெரிகிறது என்று நினைத்த அளவுக்குக் கேட்டவர்களுக்குத் தெரியவில்லை. இந்த விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பேசவைத்தபோது பேச்சே திறமாக வந்தது, கேட்டவர்களும் அப்படித்தான் மதிப்பிட்டார்கள்.

கோண்டாவில்_பிள்ளை:
எல்லோருக்கும் நன்றி, பேச்சுப் போட்டிக் கதை என் கதையேதான் அக்கா. எனக்குச் சின்ன வயதில் முட்டு இருந்தது, அதனால் குளிசையை விட்டுவிட்டேன். ஞாயிறு பின்னேரம் அண்ணாவைப் பணிப்பாளர் போல இருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மறிக்கச் சொல்லியிருக்கிறேன். ஐயா, அந்த ஒற்றைத் தாளில் எண்களைப் பொருள் வாரியாகப் போடுவதா, மாவட்ட வாரியாகவா?

ஓய்வுபெற்ற_வங்கியாளர்:
மாவட்ட வாரியாகப் போடும், போன முறை கேள்வி அங்கிருந்துதானே வந்தது. ஐந்து மாவட்டம், ஒவ்வொன்றையும் விட்டால் வருகிற வீதம் பக்கத்தில். முல்லைத்தீவு சின்னக் கணக்கு என்று விட்டுவிடாதையும், அதைத்தான் கேட்பார்கள்.