ஆண்டு முழுக்கச் சேர்க்கும் பரிசுப்பெட்டி: பலன் உண்டா?

சாரல்
வசதியில்லாத குழந்தைகளுக்குப் பொருள் நிரப்பி அனுப்பும் பரிசுப்பெட்டி என்றால் கடைசி இரண்டு வாரத்தில் கடைக்கு ஓடி, கண்ணில் பட்டதை அள்ளி அடைத்து அனுப்புவதே பல குழுக்களின் வழக்கமாக இருக்கிறது. ஆண்டு முழுக்கச் சேர்ப்பதே சரி என்பது என் கருத்து. இலக்கு 60 பெட்டி என்று வையுங்கள். மாதத்துக்கு ஒரு வகைப் பொருள்: ஒரு மாதம் 60 நோட்டு, அடுத்த மாதம் 60 பென்சில் கட்டு, பிறகு துண்டு, சீப்பு, சோப்பு. பத்து மாதம் வாங்கலாம், ஒரு மாதம் விடுபட்டதை நிரப்பலாம், கடைசி மாதம் அடுக்கலாம். பள்ளி திறந்து சில வாரம் போனால் எழுதுபொருள் விலை இறங்கும். பருவம் முடிகிற நேரத்தில் துணி விலை இறங்கும். அதே பணத்துக்குப் பெட்டி நிறையும், யார் கையையும் ஒரே மாதத்தில் கடிக்காது.

கணக்கன்
சாரல், மலிவு என்ற சொல்லில்தான் சிக்கலே. 1990-ல் ருமேனியக் குழந்தைகளுக்காக வேல்ஸில் தொடங்கி, 1993-ல் சமாரிட்டன்ஸ் பர்ஸ் என்ற கிறிஸ்தவ உதவி அமைப்போடு சேர்ந்த, ஆபரேஷன் கிறிஸ்மஸ் சைல்ட் என்ற பரிசுப்பெட்டித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 2–4, 5–9, 10–14 என மூன்று வயதுப் பிரிவு. ஆண், பெண் என்று பிரித்தால் ஆறு. தள்ளுபடிக் கூடையில் கிடப்பது என்ன? பஞ்சு பொம்மை, வண்ணப் புத்தகம், முடி கிளிப். அத்தனையும் சிறு வயதுக்கு உரியவை. பதினொரு மாதம் சேர்த்துவிட்டுத் திறந்து பார்த்தால் பொம்மை எழுபது இருக்கும், 13 வயதுப் பையனுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. அவனுக்கு வண்ணப் புத்தகமும் குட்டிக் காரும் போகும்.

விதியும் நடுவில் மாறும். மிட்டாயும் பற்பசையும் முன்பு அந்தப் பெட்டிகளில் போய்க்கொண்டிருந்தன, இப்போது இரண்டையும் ஏற்பதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் 60 பற்பசை வாங்கி வைத்த குழு அதை என்ன செய்யும்?

அனுப்பும் செலவு இன்னொரு கணக்கு. 34 × 19 × 13 செ.மீ. பெட்டியின் கன அளவு 8,398 க.செ.மீ. விமானக் கூரியரில் பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்ப்பார்கள்; பரவலாக உள்ளபடி 5,000 ஆல் வகுத்தால் 1.68 கிலோ. பெட்டி 1 கிலோதான் இருந்தாலும் கட்டணம் 1.68 கிலோவுக்கு. கப்பலில் ஒரு கன மீட்டருக்குக் காகிதக் கணக்கில் 119 பெட்டி. வெளிப்பெட்டி, இடைவெளி எல்லாம் போனால் அதுவும் குறையும். அந்தப் பணத்தைக் குழந்தை இருக்கும் ஊருக்கே அனுப்பினால், அங்கேயே வாங்கிக்கொள்வார்கள்.

முல்லைக்கொடி
பணமா பொருளா என்பதற்குள் போகும் முன், கணக்கன் சொன்ன வயதுப் பிரிவு பாதுகாப்புக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லியாக வேண்டும். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான பொம்மைகளை 31.7 மி.மீ. விட்டமுள்ள குழாயில் போட்டுச் சோதிப்பார்கள். முழுதாக உள்ளே அடங்கும் துண்டு எதுவும் கூடாது. வீட்டில் கழிவறைக் காகிதச் சுருளின் நடுக்குழாய் போதும். அது சுமார் 4 செ.மீ. அகலம், அதனால் இன்னும் கறாரான சோதனை. 2–4 பெட்டிக்கு வாங்கும் ஒவ்வொன்றையும் அதில் போட்டுப் பாருங்கள்.

பொத்தான் பேட்டரி உள்ள பொம்மை, மூடி திருகு போட்டு இறுக்கியதாக இல்லாவிட்டால் எந்த வயதுக்கும் வேண்டாம். குட்டிக் காந்த உருண்டைகள் கூடவே கூடாது. இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து ஓட்டை போட்டுவிடும். ஊதாத பலூன் எட்டு வயதுக்குக் கீழ் மூச்சை அடைக்கும் பொருள். மலிவுக் கூடையில் அதிகம் கிடைப்பவையும் இவைதான். அவசரத்தில் வாங்குகிறவர் இதையெல்லாம் பார்க்க மாட்டார், ஆண்டு முழுக்க வாங்குகிறவருக்குப் பார்க்க நேரம் உண்டு. அந்த வகையில் நான் சாரல் பக்கம்.

கிடங்கு
நான் பேச வந்தது சேமிப்பைப் பற்றி. ஆண்டு முழுக்கச் சேர்ப்பது பெரும்பாலும் கெட்டுப்போவது இங்கேதான், அதற்குக் காரணங்களும் தெரிந்தவையே.

அழிப்பான் முதல் எதிரி. பிவிசி என்ற பிளாஸ்டிக்கால் ஆன அழிப்பானில் அதை மென்மையாக்கும் எண்ணெய் போன்ற பொருள் ஒன்று உண்டு. கடினமான பிளாஸ்டிக் அளவுகோலோடு ஒட்டிக் கிடந்தால் அது கசிந்து அளவுகோலை இளக்கிவிடும், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். காகித உறையைக் கழற்றாதீர்கள், அளவுகோலோடு ஒரே பையில் போடாதீர்கள்.

ஸ்கெட்ச் பேனாவைப் படுக்கவைத்து வையுங்கள். மெழுகு வண்ணத்தைப் பரணிலோ தகரக் கூரைக்குக் கீழோ வைத்தால் வெயில் காலத்தில் இளகி ஒன்றாகிவிடும். பேட்டரியைப் பொம்மைக்குள் விட்டுவைத்தால் கசிந்து தகடு அரிக்கும். கழற்றித் தனியாக வையுங்கள், கால்குலேட்டர் என்றால் சூரிய ஒளியில் ஓடுவதை வாங்குங்கள். பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் அடி கொண்ட காலணி ஈரத்தில் சிதைந்து உதிரும். தள்ளுபடிக்கு வருவது ஏற்கெனவே சில ஆண்டுகள் கடைக் கிடங்கில் கிடந்ததாக இருக்கலாம், அளவுத் தொல்லை வேறு. காலணியே வேண்டாம் என்பேன்.

சோப்பை ஒவ்வொன்றாக ஜிப் பையில் போட்டு, துணி இருக்கும் டப்பாவுக்கு வெளியே வையுங்கள். இல்லாவிட்டால் எல்லாத் துணியும் சோப்பு மணக்கும். பூச்சிக்கு அந்துருண்டை போடவே கூடாது. அது நஞ்சு, அதன் வாடை பஞ்சு பொம்மையை விட்டுப் போகாது. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம், தரையிலிருந்து பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. சேமிக்க அட்டைப்பெட்டி உதவாது. கரப்பான் அதன் பசைக்கே வரும். பரிசுப்பெட்டிகளைக் கடைசி மாதம் வரை மடித்தே வையுங்கள்.

கணக்கன்
கிடங்கு ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் என் கருத்து இன்னும் உறுதியாகிறது. 60 பெட்டிக்கு இத்தனை டப்பா, இத்தனை இடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க ஆள். இந்த உழைப்பையெல்லாம் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

சாரல்
உழைப்பு உண்டு, மறுக்கவில்லை. பணம் அனுப்பலாம் என்பதும் நல்ல வழிதான், கடை இருக்கும் இடத்தில். ஆனால் மாதாமாதம் ஒரு பென்சில் கட்டு கொண்டுவருகிறவரிடம் அதற்கீடான சில்லறையைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் மறந்துபோவார்கள். பொருளைத் தேடி எடுக்கும்போது அந்தக் குழந்தையை நினைக்கிறார்கள். அதை நான் சின்ன விஷயமாக எண்ணவில்லை.

வயதுப் பிரிவு பற்றிய உங்கள் குறையை ஏற்கிறேன். அதற்கு வழி காலிக்கட்டப் பட்டியல். வயது, ஆண்–பெண் பிரிவுக்கு ஒன்றாக ஆறு வரிசை, பொருள் வகைக்கு ஒன்றாக எட்டுப் பத்தி: பெரிய பரிசு, நோட்டு, எழுதுபொருள், துணி, துண்டு–சோப்பு, விளையாட்டு, கருவி, அலங்காரம். ஆண்டுத் தொடக்கத்திலேயே எந்தப் பிரிவுக்கு எத்தனை பெட்டி என்று எழுதிவிட வேண்டும். பிரிவுக்குப் பத்து என்றால் மொத்தம் 480 பொருள். கட்டம் நிறைந்துவிட்டால் எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்கக் கூடாது. முதல் மூன்று மாதம் 10–14 வயதுக்கு மட்டும் வாங்குங்கள், பஞ்சு பொம்மை கடைசியில். அது எப்போதும் கிடைக்கும்.

முல்லைக்கொடி
10–14 வரிசைக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல்தான் பலரும் அதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். பந்தும் பம்ப்பும், வடிவியல் பெட்டி, சூரிய ஒளிக் கால்குலேட்டர், கைவிளக்கும் தனியாகப் பேட்டரியும், பூட்டும் சாவியும், தையல் பெட்டி, முதுகில் மாட்டும் கயிற்றுப் பை. வளரும் பெண்ணுக்குத் துவைத்துப் பயன்படுத்தும் மாதவிடாய்த் துணி அணையாடை, ஒளிபுகாத பையில். பொம்மைத் துப்பாக்கி, போர் பொம்மை எந்த வரிசையிலும் வேண்டாம். அவற்றைப் பல திட்டங்கள் ஏற்பதும் இல்லை.

கிடங்கு
அடுக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன். பெட்டி அகலம் 19 செ.மீ. என்றால் 21 செ.மீ. அகல ஏ4 நோட்டு தட்டையாக அமராது, வளைந்து மூடியைத் தூக்கும். 14.8 × 21 அளவுள்ள ஏ5 வாங்குங்கள். அது அடியில். துணியை மடிக்காமல் சுருட்டி ஓரங்களில் செருகுங்கள். எழுதுபொருளைத் தண்ணீர் பாட்டிலுக்குள் போட்டால் அந்த இடம் மிச்சம்.

பந்தைக் காற்றிறக்கி ஒரு பாதியை இன்னொரு பாதிக்குள் அழுத்தினால் கிண்ணமாகும், அதற்குள் காலுறையும் துண்டும் போகும். அளவு 5 கால்பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., விட்டம் ஏறத்தாழ 22. நீள்வட்டமாக ஒடுக்கினால்தான் உள்ளே போகும். அளவு 3 சிரமமில்லாமல் அமரும். ஊசியைப் பம்ப்போடு சேர்த்துக் கட்டுங்கள். ஊசி தொலைந்தால் பந்து வெறும் தோல்.

மூடிக்கு ஒட்டு நாடா போடாதீர்கள். அனுப்பும் அமைப்பு திறந்து பார்க்கும், நாடாவைக் கிழித்தால் அட்டையும் கிழியும். ரப்பர் பட்டை போதும். ஆனால் அதையும் அனுப்பும் வாரத்தில் வாங்குங்கள், ஓராண்டு கிடந்த பட்டை இழுத்ததும் அறுந்துவிடும்.

கணக்கன்
பட்டியல் சரி. காலிக்கட்டத்துக்கு மட்டும் வாங்குவார்கள் என்றால் என் எதிர்ப்பில் பாதி போயிற்று. மீதி இரண்டு. ஒன்று, அனுப்பும் செலவை முதல் மாதமே தனியாக எடுத்து வைக்க வேண்டும். பெட்டி தயார், அனுப்பப் பணம் இல்லை என்று நிற்கக் கூடாது. இரண்டு, யார் மூலம் போகிறது என்பதை நன்கொடையாளருக்கு முதலிலேயே சொல்ல வேண்டும். ஆபரேஷன் கிறிஸ்மஸ் சைல்ட் பெட்டிகளைக் கொடுக்கும் இடத்தில் கிறிஸ்தவ நற்செய்திக் கையேடும் கொடுக்கிறார்கள், அந்த அமைப்பு அதை மறைப்பதும் இல்லை. அதற்காகவே கொடுப்பவரும் உண்டு, அது தெரிந்தால் வேறு அமைப்பைத் தேடுபவரும் உண்டு. பத்து மாதம் பொருள் வாங்கிக்கொண்டு கடைசியில் சொல்வது நியாயமில்லை.

சாரல்
இரண்டையும் ஏற்கிறேன். பட்டியலின் தலைப்பிலேயே அமைப்பின் பெயர், அந்த ஆண்டின் தடைப்பட்டியல், பெட்டி ஒப்படைக்கும் தேதி மூன்றும் இருக்கட்டும். ஆபரேஷன் கிறிஸ்மஸ் சைல்டுக்கு அமெரிக்காவில் நவம்பர் மூன்றாம் வாரத்தில் சேகரிப்பு. அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் அக்டோபர் முழுக்க அடுக்கும் மாதம், செப்டம்பர் காலிக்கட்டம் நிரப்பும் மாதம். விதி மாற்றத்துக்கு ஆளாகக்கூடிய சோப்பு போன்றவற்றைச் செப்டம்பருக்கே தள்ளிவிடலாம்.

கணக்கன்
பந்து?

சாரல்
பந்து முதல் மாதமே, பம்ப்போடும் ஊசியோடும் பத்து. வாங்கிய அன்றே ஒவ்வொன்றையும் ஊதி, ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காற்றிறக்க வேண்டும். காற்று நிற்காததை அந்த வாரமே கடையில் மாற்றிக்கொள்ளலாம். கடைசி வாரத்தில் வாங்கினால் அதற்கு நேரம் இருக்காது.