பிர்ச் மரத்து நீரும் பட்டையும்

டம்பெரே, ஃபின்லாந்திலிருந்து:

ஏப்ரல் நடுவில், மர நிழல்களில் பனி இன்னும் திட்டுத் திட்டாகக் கிடந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். "மஹ்லா இறங்க ஆரம்பிச்சிடுச்சு, வா!" குளிர்ப் பகுதிகளில் வளரும் பிர்ச் மரத்தில் ஊறும் நீரை இங்கே மஹ்லா என்பார்கள். வேர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி மேலே தள்ளும் அந்தச் சில வாரங்கள்தான் அது கிடைக்கும். இலை விரிந்துவிட்டால் போச்சு.

பாட்டி தன் நிலத்து மரம் ஒன்றில், நாலு சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்துத் துளை போட்டார். துளைப்பானை இழுத்ததுமே ஈர மரத்தூளோடு முதல் சொட்டு வந்தது. குழாயைச் செருகி வாளியை மாட்டினோம். மறுநாள் காலை ஐந்து லிட்டர் வாளி நிரம்பியிருந்தது!

பதநீர் நினைப்போடு வாயில் வைத்தேன். அந்தத் தித்திப்பு இல்லை. சில்லென்ற தண்ணீரில் துளி சர்க்கரை கரைந்த மாதிரி, கடைசியில் லேசான மர வாசனை. சர்க்கரை 1 சதவீதம் அளவுதான். ஒரு லிட்டர் பாகு காய்ச்ச ஏறத்தாழ 100 லிட்டர் வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சில நாளில் கலங்கிப் புளித்துவிடும் என்பதால் பாதியை உறைய வைத்தோம்.

புதிதாக இங்கே வந்தவர்களுக்கு ஒரு விஷயம். காட்டுப் பழமும் காளானும் யார் காட்டிலும் பறிக்கலாம். மஹ்லா எடுக்கவும் பட்டை உரிக்கவும் நிலத்துக்காரர் அனுமதி கட்டாயம்.

சென்னையிலிருந்து ஒரு கேள்வி:

பட்டையை உரித்தால் மரம் பட்டுப்போகாதா?

டம்பெரே:

வெளித்தோலை மட்டும் எடுத்தால் போகாது. ஜூன் கடைசியில் மேலோட்டமாக ஒரு கீறல் போட்டால் போதும், சர்ரென்று தானாகவே கழன்று வரும். உள்பட்டையில் கத்தி இறங்கினால்தான் ஆபத்து. பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டுதான் முதல் கீறலைப் போட விட்டார். உரித்ததை நாடாவாக நறுக்கிக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவார்கள், நம் ஓலைப்பெட்டி போலவே. கூடை, முதுகுப்பை, செருப்பு எல்லாம் அதில் உண்டு. ஈரம் ஏறாது என்பதால் உப்புக் குடுவைகூடச் செய்வார்கள்.

இமயமலை போய் வந்த ஒருவர்:

கங்கோத்ரியிலிருந்து, கங்கை ஊற்றெடுக்கும் கோமுக் போகும் வழியில் போஜ்பாசா என்ற இடம் இருக்கிறது. போஜ் என்றால் பிர்ச்தான். பேருக்குக் காரணமான மரங்களில் பெரும்பகுதியை விறகுக்கு வெட்டித் தீர்த்துவிட்டார்கள். மலையேறும் வீராங்கனை ஹர்ஷவந்தி பிஷ்ட் 1990களில் அங்கே கன்றுகளை நட்டு வளர்த்தார். அதற்காகவே அவருக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

1881-ல் பக்ஷாலி என்ற ஊரில் கிடைத்த பழங்காலக் கணிதச் சுவடி இந்தப் பட்டையில்தான் எழுதப்பட்டது. வழியில் தானாக உதிர்ந்து கிடந்த ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பு நிறம், வெங்காயச் சருகு போல மெல்லிசு. குறுக்கே சின்னச் சின்னக் கோடுகள், யாரோ எழுதுவதற்கென்றே கோடு போட்டு வைத்த மாதிரி. பார்த்துவிட்டு, கிடந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.