ஏழூர்ப் பல்லக்கு: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

மாலை 5:12
நான்: பெரியப்பா, எங்கள் நகரில் இந்த வருடம் ஏழூர்ப் பல்லக்குக்கு நீர்மோர்ப் பந்தல் போடுவதாக முடிவாகிவிட்டது. இங்கே பாதிக் குடும்பங்கள் வெளியூர்க்காரர்கள். திருவையாற்றுச் சாமி ஐயாறப்பர் ஏன் பல்லக்கில் ஏழு ஊர் சுற்றுகிறார் என்று கேட்கிறார்கள். தட்டியில் எழுதி வைக்க நாலு வரி சொல்லுங்களேன்.

5:20
பெரியப்பா (திருக்கண்டியூர்): நாலு வரியில் அடங்காதம்மா. கல்யாணத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பங்குனிப் புனர்பூசத்தில் கொள்ளிடத்துக்கு அக்கரையில் திருமழபாடியில் நந்திகேஸ்வரருக்கும் சுயசாம்பிகைக்கும் கல்யாணம். நந்தி நம் பக்கத்துப் பிள்ளை. சிலாத முனிவர் ஏர் உழும்போது கிடைத்த குழந்தை, திருவையாற்றில் தவம் இருந்தவர். ஆகவே ஐயாறப்பர்தான் மாப்பிள்ளை வீடு.

5:22
அண்ணன் (திருப்பூர்): நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம்! தம்பியை இந்தத் தடவை கூட்டிப் போகாமல் விட்டுவிட்டோமே.

5:23
சித்தி: அடுத்த பங்குனிக்குள் அவனுக்கு முடிந்துவிடும், பார்த்துக்கொண்டே இரு.

5:31
பெரியப்பா: கேளுங்கள். கல்யாணச் செலவைச் சுற்று ஊர்கள் ஏற்றுக்கொண்டன என்பதுதான் கதை. பழம் திருப்பழனத்திலிருந்து, சோறு திருச்சோற்றுத்துறையிலிருந்து, வேதம் ஓத ஆட்கள் திருவேதிகுடியிலிருந்து, பூ திருப்பூந்துருத்தியிலிருந்து, நெய் தில்லைஸ்தானத்திலிருந்து. நம் கண்டியூரிலிருந்து நகை. கல்யாணம் முடிந்ததும் ஐயாறப்பர் சும்மா இருப்பாரா? சித்திரை விசாகத்தை ஒட்டி, புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு ஊராகப் போய் நன்றி சொல்கிறார். ஐயாறப்பரும் அறம்வளர்த்த நாயகியும் கண்ணாடிப் பல்லக்கில், மணமக்கள் வெட்டிவேர்ப் பல்லக்கில். அந்தந்த ஊர்ச் சாமியும் எதிர்கொண்டு அழைத்து, தானும் கூடவே புறப்பட்டுவிடும். திரும்பி வரும்போது ஏழு ஊர்ச் சாமியும் சேர்ந்திருக்கும்.

5:33
தம்பி: அப்படியென்றால் இது மறுவீடு அழைப்பு மாதிரி, பெரியப்பா.

5:34
பெரியப்பா: அதேதான். மனிதர் செய்வதைச் சாமிக்கும் செய்து பார்த்திருக்கிறார்கள். தட்டியில் இதை முதல் வரியாகப் போடு. புராணம் அப்புறம் வரட்டும்.

5:40
சித்தப்பா (தஞ்சாவூர்): எனக்கு ஒரு சந்தேகம் அண்ணா. இவ்வளவு வெயிலில் ஏன்? மாசியில் வைத்திருந்தால் நடக்கிறவர்களுக்குச் சுகமாக இருந்திருக்குமே.

5:52
பெரியப்பா: மாசியில் யார் சும்மா இருந்தார்கள்? தையும் மாசியும் சம்பா அறுப்பு, பங்குனியில் உளுந்தும் பயறும். சித்திரையில்தான் களத்து வேலை முடிந்து கையில் நாலு காசு இருக்கும். இன்னொரு காரணம் ஆறு. பாதையை மனதில் ஓட்டிப் பாருங்கள். திருவையாறும் திருப்பழனமும் காவிரிக்கு வடகரை. சோற்றுத்துறைக்குப் போகக் காவிரியையும் குடமுருட்டியையும் தாண்ட வேண்டும். அப்புறம் வேதிகுடி, கண்டியூர், பூந்துருத்தி. அங்கிருந்து மறுபடி காவிரியில் இறங்கித் தில்லைஸ்தானம். மேட்டூர் வழக்கப்படி ஜனவரி 28-ல் அணையை மூடி ஜூன் 12-ல் திறப்பார்கள். நடுவில் இருப்பதெல்லாம் மணல்தான். மேட்டூர் அணை வந்தது 1934-ல். அதற்கு முன்னாலும் கோடையில் ஆறு இப்படித்தான் வற்றும். பல்லக்கைத் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கி ஏற இதைவிட நல்ல காலம் கிடையாது.

5:58
அத்தை (திருப்பழனம்): அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "நாங்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பல்லக்குப் பின்னாலேயே போவோம். மணல் சுட்டால் புடவைத் தலைப்பை நனைத்துக் காலில் சுற்றிக்கொள்வோம். தாகம் எடுத்தால் ஆற்றிலேயே முழங்கை ஆழம் தோண்டுவோம். முதலில் கலங்கல் வரும், அதைக் கையால் இறைத்து வெளியே விட்டுவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் தெளிந்து ஊறும். அந்தத் தண்ணீர் ஐஸ் போட்டது போல இருக்கும். வளையல், விசிறி, வெள்ளரிப்பிஞ்சு எல்லாம் மணலிலேயே கடை விரித்திருக்கும்."

6:01
நான்: அப்பாயி இப்படிச் சொன்னதை நான் கேட்டதே இல்லை அத்தை. இதையும் தட்டியில் எழுதப் போகிறேன்.

6:03
அண்ணன்: இப்போது ஊற்று எங்கே தோண்டுவது? மணலை அள்ளி அள்ளி ஆற்றில் பள்ளம் பள்ளமாக்கிவிட்டார்கள். போன தடவை தில்லைஸ்தானத்துக்கு ஏறுகிற இடத்தில் பல்லக்குத் தூக்குகிற சீர்பாதம் தாங்கிகள் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். வயிறு எரிந்தது.

6:10
அத்தை: இன்னொன்று. பந்தல் போடுகிறவர்கள் எங்கள் ஊர்ப் பக்கத்துத் திங்களூரை மறக்கக் கூடாது. அப்பூதி அடிகள் அந்த ஊர்க்காரர். அப்பரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவர் பெயரில் தண்ணீர்ப் பந்தல் வைத்தவர். உங்கள் நகர்ப் பந்தல் ஒன்றும் புதிது இல்லை, இந்த மண்ணில் ஆயிரம் வருடத்துக்கு மேலாக இருக்கிற பழக்கம்.

6:14
சித்தப்பா: பூந்துருத்தியையும் சேர்த்துக்கொள். சம்பந்தர் வந்த சிவிகையை அப்பர் கூட்டத்தோடு கூட்டமாகத் தோள் கொடுத்துச் சுமந்தது அந்த ஊரில்தான். ஏழூர்ப் பல்லக்கு பூந்துருத்திக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். எவ்வளவு பெரியவர், வயதும் அதிகம், அவரே தோள் கொடுத்திருக்கிறார்.

6:20
தம்பி: பந்தலில் பெரிய ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுப் போடலாமா? நகர் இளைஞர்கள் கேட்கிறார்கள்.

6:21
பெரியப்பா: வேண்டாம் தம்பி. பல்லக்கோடு நாதஸ்வரமும் தவிலும் வரும். நாமாக எதையும் போட்டு அதை அமுக்கக் கூடாது. இளைஞர்களைக் குடம் தூக்கச் சொல், மோர் ஊற்றிக் கொடுக்கச் சொல்.

6:25
சித்தி: தோரணம், சீரியல் லைட் எதையும் சாலைக்குக் குறுக்கே கட்டவே கூடாது. 2022 சித்திரையில் தஞ்சாவூர் பக்கத்துக் களிமேட்டில் அப்பர் சதயவிழாத் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் போனார்களே. குழந்தைகளும் அதில் உண்டு. இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. பல்லக்கு வருவதற்கு முன் மின்வாரியத்தில் சொல்லி உங்கள் தெருக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

6:27
நான்: நாளைக்கே மனு கொடுக்கிறோம் சித்தி. அலங்காரம் எல்லாம் பந்தலுக்குள்தான்.

6:33
அண்ணன்: நான் இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டேன். தில்லைஸ்தானத்து ஆற்றில் வாணவேடிக்கை, மறுநாள் திருவையாற்றில் பொம்மை சாமிக்குப் பூப்போடுவது, இரண்டையும் பார்க்காமல் திருப்பூருக்குத் திரும்ப மாட்டேன். திரும்பும்போது அசோகா அல்வா வேண்டும், ஆளுக்கு அரைக் கிலோ.

6:35
அத்தை: கடையில் வாங்காதே. பாசிப்பருப்பை வறுத்து நானே கிளறித் தருகிறேன். நெய்யும் வீட்டு நெய்.

6:41
நான்: அத்தை, மோர் எப்படிக் கலப்பது? நிறையப் பேருக்குச் செய்து பழக்கம் இல்லை.

6:50
அத்தை: தயிரை முதல் நாள் ராத்திரியே உறை ஊற்றிவிடு. புளிக்க விடாதே. ஒரு பங்கு தயிருக்கு நாலு பங்கு தண்ணீர். இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை இடித்துப் போடு, பெருங்காயம் கரைத்து ஊற்று, மாங்காய் கிடைத்தால் துருவிப் போடு. உப்புக் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும், வெயிலில் நடந்து வருகிறார்கள். மண்பானையைத் தரையில் வைக்காதே. கீழே ஆற்று மணலைக் கொட்டி நனைத்து, அதன் மேல் வை. பல்லக்குத் தூக்குகிறவர்களுக்குத் தனிப் பானை எடுத்து வைத்துவிடு, அவர்களால் வரிசையில் நிற்க முடியாது.

6:52
பெரியப்பா: பானை என் வீட்டில் மூன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தம்பியை வண்டியோடு அனுப்பு.